முதல் வருட மாணவர்களுக்குக் கை சுத்தமும் வைட்டல்ஸும்: புதிதாகக் கற்பிக்க வருபவர்களுக்கு

மருத்துவக் கல்லூரியில் டியூட்டராகவோ உதவிப் பேராசிரியராகவோ சேர்ந்த கொஞ்ச நாளிலேயே ஒரு பேட்ச் முதல் வருட மாணவர்களை உங்களிடம் ஒப்படைத்துவிடுவார்கள். 2019இல் அறிமுகமான எம்பிபிஎஸ் பாடத்திட்டம் முதல் வருடத்திலேயே மாணவர்களை நோயாளிகளிடம் கூட்டிப்போகச் சொல்கிறது. அங்கே அவர்களுக்கு முதலில் பழக வேண்டியவை கை சுத்தமும், வைட்டல்ஸ் எனப்படும் உடல் வெப்பம், நாடி, மூச்சு எண்ணிக்கை, பிபி, ஆக்ஸிஜன் அளவு ஆகியவற்றைப் பார்ப்பதும்தான். “இதற்கு ஒரு மதியம் போதுமே” என்று யாராவது சொல்வார்கள். போதாது. மூன்று நாளாவது கேட்டு வாங்குங்கள்.

இரண்டையும் பிரிக்காமல் சேர்த்தே சொல்லிக்கொடுங்கள் என்பதுதான் நான் வலியுறுத்த விரும்புவது. கை சுத்தத்தைத் தனி வகுப்பாகப் படம் போட்டு நடத்தினால் மாணவர்கள் அதைத் தேர்வுக்கு மனப்பாடம் செய்வார்கள், வார்டில் மறந்துவிடுவார்கள். கையைத் தேய்த்துவிட்டு நாடி பிடிப்பது, பார்த்து முடித்ததும் மறுபடி தேய்ப்பது, இதெல்லாம் ஒரே வேலையாகக் கையில் பதிந்துவிட்டால் பிறகு யாரும் ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. இன்னொரு காரணமும் உண்டு. யாரும் பார்க்காதபோது இரண்டையும் செய்யாமலே விட்டுவிட முடியும். செய்யாததைச் செய்ததாகக் காட்டவும் முடியும். அந்தப் பழக்கம் ஒட்டிக்கொள்ளும் முன்பே நாம் முந்திக்கொள்ள வேண்டும்.

முந்தின நாளே செய்ய வேண்டியவை

வார்டு சிஸ்டரைப் போய்ப் பாருங்கள். எந்த நேரத்தில் வந்தால் மருந்து கொடுக்கும் வேலைக்கும் ரவுண்ட்ஸுக்கும் இடைஞ்சல் இருக்காது என்று அவரிடமே கேளுங்கள். எந்த நோயாளிகள் ஓரளவு தெம்பாக இருக்கிறார்கள், யாரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்பதும் அவருக்குத்தான் தெரியும். ஒரு நோயாளியை இரண்டு மாணவர்களுக்கு மேல் தொடக் கூடாது என்று முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.

குழாயில் தண்ணீர் வருகிறதா, சோப்பு இருக்கிறதா, ஹேண்ட் ரப் (தண்ணீரில்லாமல் கையில் தேய்க்கும் ஆல்கஹால் திரவம்) பாட்டில்கள் நிரம்பியிருக்கின்றனவா என்று நேரில் பாருங்கள். காலி பாட்டிலைக் காட்டிக் கை சுத்தம் பற்றிப் பேசினால், இதெல்லாம் பேச்சுக்குத்தான் என்று மாணவர்கள் முடிவு கட்டிவிடுவார்கள். கூடவே டிஜிட்டல் தெர்மாமீட்டர், விரலில் மாட்டி ஆக்ஸிஜன் அளவு பார்க்கும் பல்ஸ் ஆக்சிமீட்டர், பிபி கருவி, அதற்காகப் புஜத்தில் சுற்றும் காற்றுப் பட்டையான கஃப் இரண்டு மூன்று அளவுகளில், தையல்காரர் வைத்திருக்கும் மாதிரி ஓர் அளவு டேப், விநாடி முள் உள்ள கடிகாரம், வெளிர் நிறக் கையுறைகள், ஒரு பாட்டில் நீல போஸ்டர் கலர் இவையும் வேண்டும். போஸ்டர் கலர் எதற்கு என்று கீழே சொல்கிறேன்.

முதல் நாள்: கை

வியன்னாவின் கதையிலிருந்து தொடங்குங்கள். அது மாணவர்களைப் பற்றிய கதை. வியன்னா பொது மருத்துவமனையில் இரண்டு பிரசவப் பிரிவுகள் இருந்தன. ஒன்றில் மருத்துவ மாணவர்கள் பயிற்சி பெற்றார்கள், மற்றதில் மருத்துவச்சிகள். மாணவர்கள் இருந்த பிரிவில்தான் பிரசவக் காய்ச்சலில் தாய்மார் அதிகமாக இறந்தார்கள். அங்கே வேலை பார்த்த இக்னாஸ் செம்மல்வைஸ் காரணத்தைத் தேடினார். பிணக்கூறாய்வில் கத்தி கீறி இறந்துபோன ஒரு சக மருத்துவரின் நோயும் இந்தத் தாய்மாரின் நோயும் ஒன்றுபோல இருந்ததைக் கவனித்தார். பிணக்கூறாய்வு அறையிலிருந்து மாணவர்களும் மருத்துவர்களும் தங்கள் கைகளிலேயே நோயைக் கொண்டுவருகிறார்கள் என்று புரிந்துகொண்டார். 1847 மே மாதத்தில் குளோரின் கலந்த சுண்ணாம்புக் கரைசலில் கை கழுவிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்று விதித்தார். ஏப்ரலில் 100க்கு 18 தாய்மார் இறந்த அந்தப் பிரிவில், ஜூனில் 100க்கு 2 பேர்தான் இறந்தார்கள். கிருமிகள் நோயைப் பரப்புகின்றன என்று மருத்துவ உலகம் ஏற்றுக்கொள்வதற்குப் பல வருடம் முன்பு நடந்தது இது.

உங்கள் மாணவர்களும் காலையில் பிணங்களை அறுத்துப் படிக்கும் அனாடமி டிஸெக்‌ஷன் ஹாலில் இருந்துவிட்டு நேராக வார்டுக்கு வருபவர்கள்தான். இதை நீங்கள் சொன்னதும் எல்லாரும் ஒருமுறை தங்கள் கையைப் பார்த்துக்கொள்வார்கள். அந்த நிமிடத்திலேயே செயல்முறைக்குப் போய்விடுங்கள், உரையை நீட்டாதீர்கள்.

முதலில் முழங்கைக்குக் கீழே எதுவும் இருக்கக் கூடாது. வாட்ச், மோதிரம், வளையல் எல்லாம் கழற்றிப் பைக்குள். வெள்ளைக் கோட்டின் நீளக் கையை மடித்துவிட வேண்டும். நகம் ஒட்ட வெட்டியிருக்க வேண்டும். கோயிலில் கட்டிய கயிறு பல மாணவர்களின் மணிக்கட்டில் இருக்கும். இதைப் பேசும்போது நிதானம் தேவை. வெட்டி எறியச் சொல்லாதீர்கள். புஜத்திலோ கழுத்திலோ மாற்றிக் கட்டிக்கொள்ளச் சொன்னால் பெரும்பாலானவர்கள் ஒத்துக்கொள்வார்கள். நனைந்து நனைந்து கறுத்துப்போன கயிற்றுக்கு அடியில் ஹேண்ட் ரப் போகாது என்பதைக் காட்டினாலே புரிந்துகொள்வார்கள்.

அப்புறம் தேய்க்கும் முறை. உலக சுகாதார நிறுவனத்தின் வரிசை இது:

1. உள்ளங்கையோடு உள்ளங்கை.
2. ஒரு உள்ளங்கையை மற்ற கையின் புறங்கை மேல் வைத்து, விரல்களைக் கோத்து. பிறகு கை மாற்றி.
3. உள்ளங்கைகளைச் சேர்த்து, விரல்களைக் கோத்து, இடுக்குகளை.
4. விரல்களை மடக்கிக் கொக்கி போல மாட்டி, விரல்களின் பின்பக்கத்தை எதிர் உள்ளங்கையில்.
5. கட்டை விரலை மற்ற கையால் பிடித்துச் சுழற்றி. இரண்டு பக்கமும்.
6. விரல் நுனிகளை எதிர் உள்ளங்கையில் வட்டமாக. இரண்டு பக்கமும்.

ஹேண்ட் ரப் என்றால் 20 முதல் 30 விநாடி. சோப்பும் தண்ணீரும் என்றால் தொடக்கம் முதல் துடைப்பது வரை 40 முதல் 60 விநாடி. அளவிலும் கஞ்சத்தனம் கூடாது. பல பாட்டில்களில் ஒரு அழுத்தில் வருவது போதாது. உள்ளங்கைக் குழி நிறைய எடுத்து, அத்தனை நேரமும் கை ஈரமாக இருக்க வேண்டும். பத்து விநாடியில் காய்ந்துவிட்டால் எடுத்தது குறைவு.

இப்போது போஸ்டர் கலர். மாணவர்கள் கையுறை போட்டுக்கொள்ளட்டும். உள்ளங்கையில் ஒரு ஸ்பூன் கலரை ஊற்றி, கண்ணை மூடிக்கொண்டு ஹேண்ட் ரப் தேய்ப்பது போலத் தேய்க்கச் சொல்லுங்கள். பிறகு கண்ணைத் திறந்து கையை விரித்துப் பார்க்கட்டும். உள்ளங்கை முழுக்க நீலமாக இருக்கும். கட்டை விரலின் வெளிப்பக்கம், விரல் நுனிகள், சுண்டு விரல் பக்கத்துப் புறங்கை இவை வெளுப்பாகவே நிற்கும். நோயாளியைத் தொடுவது விரல் நுனிகள்தான், விட்டுப்போவதும் அவையேதான். புறஊதா விளக்கில் ஒளிரும் ஜெல் உங்கள் கல்லூரியில் இருந்தால் இன்னும் நல்லது. இல்லையென்றால் இந்தக் கலரே போதும், செலவும் அதிகமில்லை.

ஹேண்ட் ரப் எல்லாவற்றுக்கும் ஆகாது என்பதையும் சொல்லிவிடுங்கள். கையில் இரத்தமோ மலமோ அழுக்கோ கண்ணுக்குத் தெரிந்தால் சோப்பும் தண்ணீரும்தான். வயிற்றுப்போக்கை உண்டாக்கும் குளோஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் போன்ற கிருமிகளின் வித்துகளை ஆல்கஹால் கொல்லாது, அங்கேயும் சோப்புதான். கழுவிய கையை வார்டில் தொங்கும் பொதுத் துண்டில் துடைப்பதைவிடக் காற்றில் உலரவிடுவது மேல். கையுறை போட்டால் கை சுத்தம் வேண்டாம் என்ற எண்ணத்தையும் இப்போதே கலைத்துவிடுங்கள். போடும் முன்பும் தேய்க்க வேண்டும், கழற்றிய பின்பும் தேய்க்க வேண்டும்.

எப்போது தேய்க்க வேண்டும் என்பதற்கு ஐந்து தருணங்கள் உண்டு. நோயாளியைத் தொடும் முன், ஊசி, கதீட்டர் போன்ற சுத்தமான செயல்முறைக்கு முன், உடல் திரவம் பட்டிருக்கக்கூடிய வேலைக்குப் பின், நோயாளியைத் தொட்ட பின், நோயாளியைச் சுற்றியுள்ள பொருள்களைத் தொட்ட பின். மாணவர்கள் தவறவிடுவது பெரும்பாலும் கடைசியைத்தான். கட்டில் கம்பி, டிரிப் ஸ்டாண்ட், தலைமாட்டில் இருக்கும் ஃபிளாஸ்க் இவற்றைத் தொட்டதை அவர்கள் தொட்டதாகவே நினைப்பதில்லை. ஐந்தையும் வகுப்பறையில் ஒப்பிக்க வைக்காதீர்கள். ஒரு கட்டிலின் அருகே நிற்க வைத்து, எது நோயாளியின் எல்லை, அந்த எல்லைக்குள் கை எப்போது போகிறது, எப்போது வெளியே வருகிறது என்று காட்டுங்கள்.

இரண்டாம் நாள்: ஒருவருக்கொருவர்

வார்டுக்குப் போகும் முன் மாணவர்கள் ஒருவர் மேல் ஒருவர் பழகட்டும். யாரோடு ஜோடி சேர்வது என்பதை அவர்களே முடிவு செய்யட்டும். செயல்முறையை நான்கு தடவையாகக் காட்டுவது நல்ல பலன் தரும். முதல் தடவை பேசாமல், வழக்கமான வேகத்தில் செய்து காட்டுங்கள். இரண்டாவது தடவை ஒவ்வோர் அடியையும் விளக்கிக்கொண்டே மெதுவாகச் செய்யுங்கள். மூன்றாவது தடவை மாணவர் சொல்லச் சொல்ல நீங்கள் செய்யுங்கள். நான்காவதில் மாணவரே சொல்லிக்கொண்டு செய்யட்டும். மூன்றாவதில்தான் யாருக்கு எங்கே புரியவில்லை என்று தெரியவரும், அதை அவசரத்தில் விட்டுவிடாதீர்கள்.

வரிசை இப்படி இருக்கலாம். கை தேய்த்தல், அக்குளில் தெர்மாமீட்டர், ஒரு விரலில் ஆக்சிமீட்டர், மற்ற கையில் நாடி, நாடியை விடாமலே மூச்சு எண்ணிக்கை, கடைசியில் பிபி, மறுபடி கை தேய்த்தல். பிபி கடைசியில் வருவதால் அதற்குத் தேவையான ஐந்து நிமிட ஓய்வு தானாகவே கிடைத்துவிடும். கஃப் சுற்றிய கையிலேயே ஆக்சிமீட்டரை மாட்டினால், காற்று ஏறியதும் அளவு காணாமல் போகும். இதை ஒருமுறை வேண்டுமென்றே செய்து காட்டுங்கள்.

வெப்பநிலையில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அக்குள் வியர்வையைத் துடைத்துவிட்டு வைக்க வேண்டும், கையை உடம்போடு ஒட்டி வைத்திருக்க வேண்டும், எங்கே வைத்து எடுத்தது என்பதையும் எழுத வேண்டும். வாயில் வைப்பதென்றால் டீயோ காபியோ குடித்து அரை மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். எச்சில் பட்ட தெர்மாமீட்டரைக் கையாள்வது ஐந்து தருணங்களில் மூன்றாவது என்பதையும் இங்கேயே இணைத்துச் சொல்லுங்கள்.

நாடிக்கு மூன்று விரல்கள்: ஆள்காட்டி, நடு, மோதிர விரல். கட்டை விரல் கூடாது, அதன் சொந்தத் துடிப்பே குழப்பும். தொடக்கத்தில் எல்லாரும் முழு ஒரு நிமிடம் எண்ணட்டும். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கினால், ஒரு துடிப்பு தவறினாலும் நான்கு தவறிவிடும். வாட்சைக் கழற்றிய பிறகு விநாடிக்கு எதைப் பார்ப்பது என்று கேட்பார்கள். சுவர்க் கடிகாரம் கண்ணில் படும் இடத்தில் நிற்கலாம், அல்லது கோட்டில் மாட்டும் கடிகாரம் வைத்துக்கொள்ளலாம். செல்போனை எடுக்கவிடாதீர்கள். எடுத்தால் மறுபடி கை தேய்க்க வேண்டும். எண்ணிக்கை மட்டுமல்ல, தாளமும் முக்கியம். தாளம் ஒழுங்கில்லாத நோயாளி வார்டில் இருந்தால், அவர் சம்மதித்தால், ஒவ்வொருவரையும் தொட்டுப் பார்க்க வையுங்கள்; ஒரு நோயாளிக்கு இரண்டு பேர் என்ற கணக்குக்கு இது மட்டும் விலக்கு. அதைப் படித்துப் புரிந்துகொள்ள முடியாது, விரலில்தான் புரியும்.

மூச்சு எண்ணிக்கை

இதற்குத் தனித் தலைப்பு கொடுக்கிறேன், ஏனென்றால் வைட்டல்ஸில் மிகவும் அலட்சியப்படுத்தப்படுவது இதுதான். வெப்பம், நாடி, மூச்சு மூன்றையும் குறிக்கும் டிபிஆர் சார்ட் எதையாவது எடுத்துப் பாருங்கள். நாடி மாறும், காய்ச்சல் ஏறி இறங்கும், மூச்சு மட்டும் 18, 18, 20, 18 என்று போய்க்கொண்டிருக்கும். எண்ணாமல் எழுதியது என்று பார்த்ததும் தெரியும். ஆனால் உடம்பு மோசமாகப் போகிறது என்பதை முதலில் காட்டுவது பல நேரம் மூச்சு எண்ணிக்கைதான்.

எண்ணுகிறோம் என்று நோயாளிக்குத் தெரிந்தால் மூச்சு மாறிவிடும். அதனால் நாடி பிடித்த விரலை எடுக்காமல், கண்ணை மட்டும் மார்புக்கோ வயிற்றுக்கோ கொண்டுபோக வேண்டும். மார்பு ஏறி இறங்குவது ஒரு மூச்சு. முழு நிமிடம். சேலைத் தலைப்போ போர்வையோ மறைத்தால் அதன் மடிப்பு அசைவதைப் பார்த்து எண்ணலாம். பெரியவர்களுக்கு 12 முதல் 20 வரை இயல்பு. குழந்தைகளுக்கு வேறு கணக்கு: இரண்டு மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40, இவற்றை எட்டினாலோ தாண்டினாலோ வேகமான மூச்சு.

ஒரு பேட்சில் ஒரு மாணவி, இருமலோடு சேர்ந்திருந்த ஒரு பாட்டியின் மூச்சை எண்ணிவிட்டு வெகுநேரம் எழுதாமல் நின்றார். நோட்டில் 28 என்று எழுதி அடித்திருந்தது. “சார், சார்ட்ல 18னு இருக்கு. நான் தப்பா எண்ணிட்டேனா?” என்று கேட்டார். இருவரும் சேர்ந்து மறுபடி எண்ணினோம். 28தான். டியூட்டி டாக்டரைக் கூப்பிட்டோம், ஆக்ஸிஜன் ஆரம்பித்தார்கள். அன்றிலிருந்து நான் மாணவர்களுக்கு ஒரு விதி வைத்திருக்கிறேன்: எண்ணி எழுதி முடிக்கும்வரை சார்ட்டைப் பார்க்கக் கூடாது. முன்பு எழுதியிருப்பது நம் கண்ணையும் தன் பக்கம் இழுத்துவிடும்.

பிபி

இதில்தான் அதிக நேரம் போகும். போகட்டும்.

நோயாளி முதுகைச் சாய்த்து, கால் மேல் கால் போடாமல், பாதம் தரையில் படும்படி உட்கார்ந்திருக்க வேண்டும். சிறுநீர் அடக்கிக்கொண்டிருக்கக் கூடாது. அளக்கும்போது அவரும் பேசக் கூடாது, மாணவரும் பேச்சுக் கொடுக்கக் கூடாது. கை, இதயத்தின் மட்டத்தில் எதன் மேலாவது தாங்கியிருக்க வேண்டும். 10 செ.மீ. கீழே தொங்கினாலே பிரஷரை ஏறக்குறைய 8 மி.மீ. (பாதரச அளவில்) கூடுதலாகக் காட்டும்.

கஃப்பின் உள்ளே இருக்கும் ரப்பர் பை, புஜத்தின் சுற்றளவில் 80 சதவீதத்தைச் சுற்றி வர வேண்டும். டேப் வைத்து அளந்து பார்க்கச் சொல்லுங்கள். பருத்த புஜத்தில் சின்ன கஃப் சுற்றினால் இல்லாத பிரஷரைக் காட்டும், அந்த அளவை நம்பி ஒருவருக்கு ஆயுள் முழுக்க மாத்திரை எழுதிவிடவும் கூடும். வெறும் கையில்தான் சுற்ற வேண்டும். இறுக்கமான ரவிக்கைக் கையையோ சட்டைக் கையையோ மேலே சுருட்டிவிட்டால் அதுவே கட்டுப் போட்டது மாதிரி அழுத்தும். திரை போட்டு, சங்கடமில்லாமல் கையை வெளியே எடுக்க உதவ வேண்டும். டயாலிசிஸுக்காக ஃபிஸ்டுலா போட்ட (இரத்தக் குழாய்களை இணைத்த) கை, டிரிப் ஏறும் கை, மார்பகப் புற்றுநோய்க்கு அக்குள் நிணக்கணுக்களை எடுத்த பக்கம் இவற்றைத் தவிர்க்க வேண்டும்.

ஸ்டெத்தை எடுக்கும் முன் தொட்டுப் பார்க்கும் முறை. மணிக்கட்டு நாடியைப் பிடித்துக்கொண்டு காற்றை ஏற்றி, நாடி எந்த எண்ணில் மறைகிறது என்று பார்க்க வேண்டும். காற்றை முழுக்க இறக்கிவிட்டு, மறுபடி அந்த எண்ணுக்கு மேல் 20 அல்லது 30 ஏற்றி, இப்போது ஸ்டெத் வைத்துக் கேட்க வேண்டும். சில நோயாளிகளுக்கு இடையில் கொஞ்ச நேரம் சத்தமே கேட்காது. தொட்டுப் பார்க்காதவர் அந்த இடைவெளியில் ஏமாந்து மேல் அளவைக் குறைத்து எழுதிவிடுவார்.

விநாடிக்கு 2, 3 மி.மீ. வீதம் இறக்க வேண்டும் என்பது புதியவர்களுக்குக் கஷ்டமான வேலை. வால்வைத் திருகியதும் முள் சரசரவென்று விழும். ஒரு கெட்டியான தண்ணீர் பாட்டிலில் கஃப்பைச் சுற்றி, வால்வை மட்டும் பழகவிடுங்கள். யாருக்கும் கை வலிக்காது, கூச்சமும் இருக்காது. முதல் தட்டல் சத்தம் மேல் அளவு, சத்தம் முழுக்க மறையும் இடம் கீழ் அளவு. இந்தச் சத்தங்களை 1905இல் விவரித்த ரஷ்ய அறுவை மருத்துவர் நிக்கோலாய் கொரோட்கோவின் பெயரில்தான் அவற்றை இன்றும் சொல்கிறோம். பாதரசப் பயன்பாட்டைக் குறைப்பதற்கான சர்வதேச மினமாட்டா ஒப்பந்தத்தின்படி பாதரசக் கருவிகள் விலகிக்கொண்டிருப்பதால், முள் காட்டும் அனிராய்டு கருவியில் பழக்குங்கள். ஒவ்வொரு தடவையும் முள் பூஜ்ஜியத்தில் நிற்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

இரண்டு பேர் ஒரே நேரத்தில் கேட்கும் ஸ்டெத் இருந்தால் நீங்களும் மாணவரும் சேர்ந்து கேளுங்கள். இருவரும் வாயால் சொல்லாமல் தாளில் எழுதி, பிறகு ஒப்பிட்டுப் பாருங்கள். நாள் முடிவில் எல்லார் அளவுகளையும் பலகையில் எழுதுங்கள். கருவியில் கோடுகள் இரண்டு இரண்டாகத்தான் இருக்கின்றன. உண்மையாகப் படித்திருந்தால் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றுதான் பூஜ்ஜியத்தில் முடிய வேண்டும். பலகை முழுக்க 120/80, 110/70, 130/80 என்று இருந்தால் யாரும் கோட்டைப் பார்க்கவில்லை, உத்தேசமாக எழுதியிருக்கிறார்கள். கோபப்படாமல் இதை விளக்கிவிட்டு, மறுபடி அளக்கச் சொல்லுங்கள்.

மூன்றாம் நாள்: வார்டு

நோயாளியிடம் எப்படிப் பேசுவது என்பதை வாசலிலேயே பழக்குங்கள். “ஐயா வணக்கம். நான் முதல் வருஷம் படிக்கிற மாணவன். உங்க நாடியும் பிரஷரும் பார்க்கலாமா?” அவ்வளவுதான். வேண்டாம் என்றால் நன்றி சொல்லிவிட்டு நகர வேண்டும். நாடி பிடித்ததும் “என்ன தம்பி, வாதமா பித்தமா?” என்று சில பெரியவர்கள் கேட்பார்கள். அவர்கள் அறிந்த வைத்தியத்தில் நாடியை வைத்தே நோய் சொல்வது வழக்கம். “துடிப்பை எண்ணிப் பார்க்கிறேன் ஐயா, சீராக இருக்கு” என்று மரியாதையாகப் பதில் சொல்லப் பழக்குங்கள்.

மூன்று பேர் கொண்ட குழுவாகப் பிரியுங்கள். ஒருவர் அளப்பார், ஒருவர் எழுதுவார், மூன்றாமவர் அளப்பவரின் கையை மட்டும் பார்ப்பார். கை எதைத் தொட்டது, எப்போது தேய்த்தது, எங்கே விட்டுப்போனது என்று குறித்துக்கொள்வதுதான் அவர் வேலை. அடுத்த நோயாளியிடம் போகும்போது இடம் மாற வேண்டும். கையைப் பார்க்கும் வேலையைச் செய்த மாணவர், தன் முறை வரும்போது எவ்வளவு கவனமாக இருக்கிறார் என்பதை நீங்களே பார்ப்பீர்கள். உங்கள் கையையும் அவர்கள் பார்க்கட்டும். நீங்கள் தேய்க்காமல் அடுத்த கட்டிலுக்குப் போனால், மூன்று நாள் சொன்னது அத்தனையும் போயிற்று.

ஆக்சிமீட்டரில் தெரியும் நாடி எண்ணும் விரலால் எண்ணியதும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஒத்துப்போகவில்லையென்றால் ஆக்ஸிஜன் அளவையும் நம்ப முடியாது. நகப்பூச்சு இருந்தாலோ விரல் சில்லிட்டிருந்தாலோ தவறாகக் காட்டலாம், வேறு விரலில் பார்க்க வேண்டும். கருமையான தோல் உள்ளவர்களுக்கு இக்கருவி உண்மையைவிடச் சற்றுக் கூடுதலாகக் காட்டக்கூடும் என்பதும் நம் ஊரில் மறக்கக் கூடாத விஷயம்.

எந்த அளவைக் கண்டால் உடனே ஓடிவந்து சொல்ல வேண்டும் என்பதை ஒரு தாளில் அச்சடித்து ஒவ்வொருவர் பையிலும் கொடுத்துவிடுங்கள். இங்கிலாந்தின் ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் 2017இல் திருத்தி வெளியிட்ட எச்சரிக்கை அட்டவணையில், பெரியவர்களுக்குத் தனியாகவே அபாய அறிகுறியாக வைத்திருப்பவை: மூச்சு 8 அல்லது அதற்குக் கீழ், 25 அல்லது அதற்கு மேல், ஆக்ஸிஜன் 91 அல்லது அதற்குக் கீழ், மேல் பிபி 90 அல்லது அதற்குக் கீழ், 220 அல்லது அதற்கு மேல், நாடி 40 அல்லது அதற்குக் கீழ், 131 அல்லது அதற்கு மேல், உடல் வெப்பம் 35 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்குக் கீழ், புதிதாக வந்த குழப்பம் அல்லது மயக்கம். “தப்பாக அளந்திருப்பேனோ” என்ற சந்தேகம் இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும். அப்படி வந்து சொல்லி, அளவு தவறாகவே இருந்தாலும், அந்த மாணவரைப் பாராட்டுங்கள். ஒருமுறை சிடுசிடுத்துவிட்டால் அவர் அடுத்த தடவை வரமாட்டார்.

முடிந்ததும் ஸ்டெத்தின் மணியையும் காதுமுனைகளையும் ஆல்கஹால் பஞ்சால் துடைக்க வேண்டும். ஆக்சிமீட்டரையும் தெர்மாமீட்டரையும் ஒவ்வொரு நோயாளிக்கும் இடையில் துடைத்திருக்க வேண்டும். கஃப்பில் கறை இருந்தால் சிஸ்டரிடம் சொல்லி மாற்றச் சொல்லுங்கள்.

மதிப்பீடு வைக்கும்போது, கை தேய்க்காமல் நோயாளியைத் தொட்டால் மற்றதெல்லாம் சரியாக இருந்தாலும் மறுபடி செய்ய வேண்டும் என்ற விதி வையுங்கள். இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஒரு மாதம் கழித்து, அறிவிக்காமல், வேறு ஏதோ வகுப்புக்காக அவர்கள் வார்டில் இருக்கும்போது போய் ஓரமாக நின்று பாருங்கள். விட்டுப்போன அடிகளைக் குறித்துக்கொண்டு, அவற்றுக்காக மட்டும் இன்னொரு மதியம் கேட்டு வாங்குங்கள்.